கன்னியாகுமரி வரை சைக்கிளில்: அறப்பயணத்துக்கு ஆயத்தம்

பெங்களூரிலிருந்து ஒசூருக்குச் செல்லும் பெருவழியில் கர்நாடகத்தின் கடைசி ஊர் அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சார்ந்த இவ்வூரைத் தாண்டி எல்லையைக் கடந்தால் தமிழகம். பொம்மசந்திரா, ஜிகணி முதலிய தொழிற்பேட்டைகளில் பணியாற்றும் தமிழ் மக்களுக்கு இது நாள்தோறும் காணும் சாலை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் திரும்பும் சாலை. இதே சாலையின் மறுமுனை ஸ்ரீநகரில் இருக்கிறது என்பதை நாம் அடிக்கடி நினைப்பதில்லை. முன்னர் 7-ஆம் எண் தாங்கியிருந்த இவ்வழி இன்று ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. நீளம் ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். டெல்லி, நாகபுரி, ஐதராபாத், பெங்களூர் எனத் தமிழர் குடியேறி வாழும் நகரங்கள் பலவும் இந்த ஒரே நூலில் கோத்த மணிகளாய் இருக்கின்றன.

இப்பாதை முழுவதையும் சைக்கிளில் கடந்து, அதன் வாயிலாக ஒரு நற்காரியத்துக்குப் பொருள் திரட்டுவோர் இக்காலத்தில் பலர். அமெரிக்கக் கண்டத்தைக் கரையிலிருந்து கரைக்குக் கடக்கும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தின் தொலைவு ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர். நம் நாட்டின் நெடுக்கு அதற்கு மிகவும் குறைந்ததன்று. 2021-ஆம் ஆண்டில் காஷ்மீரத்து இளைஞர் ஆதில் தேலி எட்டு நாட்களும் ஒன்றரை மணி நேரமும் சொச்சத்தில் குமரியை அடைந்தார். அது பந்தய வீரரின் சாதனை. நாம் இங்கு கருதுவதோ ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு, ஒரு மாத விடுப்பில், நாளொன்றுக்கு 130 கிலோமீட்டர் வீதம் போக எண்ணும் சாமானியரை.

இத்தகையோர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 130 கிலோமீட்டர் ஓட்டுவது அரிய செயலன்று. சற்றே பழகிய எவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம். மறுநாள் விடியற்காலையில் எழுந்து மீண்டும் 130 கிலோமீட்டர் ஓட்டுவதும், அதற்கும் மறுநாள் அவ்வாறே செய்வதும்தாம் அரியவை. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து உலகைச் சுற்றச் சைக்கிளில் புறப்பட்ட பார்சி இளைஞர் அறுவரில், 1928 மார்ச்சில் வட்டத்தை முடித்துத் திரும்பியவர் அதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவரே. நெடும்பயணத்துக்கு வேண்டுவது வேகமன்று. தேய்மானத்தைத் தாங்கும் பழக்கம்.

இப்பழக்கத்துக்கு அத்திபெலேயைவிட வாய்ப்பான இடம் எளிதிற் கிடைக்காது. ஒசூரை ஒட்டிய மேட்டுநிலம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிருஷ்ணகிரியோ 500 மீட்டரை ஒட்டியது. எனவே அத்திபெலேயிலிருந்து சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போகும் 60 கிலோமீட்டரும் பெரும்பாலும் இறக்கம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் கால் நோகாமல் போய்விடலாம். திரும்புகையில்தான் கணக்குத் தீர்கிறது. வெயில் ஏறிய பின், எதிரே லாரிகள் இரைய, அந்த 400 மீட்டரையும் மிதித்தே மீட்க வேண்டும். சனிக்கிழமை இதனைச் செய்து, ஞாயிற்றுக்கிழமை களைத்த காலுடன் இதில் பாதித் தொலைவேனும் மீண்டும் ஓட்டுபவர், ஒரே நாளில் 200 கிலோமீட்டர் ஓட்டி மறுநாள் முழுதும் உறங்குபவரைவிட நன்கு தேறுவார் என்பது நம் கருத்து.

பயிற்சிக்கு ஆறு மாதம் ஒதுக்குவது நலம். வாரத்துத் தொலைவைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரேயடியாக உயர்த்தலாகாது. தசை விரைவில் வலுப்பெறும், முழங்காலின் நாண்களோ மெல்லத்தான் பழகும். நான்காம் வாரந்தோறும் தொலைவைக் குறைத்து உடலைத் தேறவிட வேண்டும். வேலைக்குச் சைக்கிளில் போய்வருவதும் பயிற்சியே. கடினமான கியரில் அழுத்தி மிதிப்பதைக் காட்டிலும், எளிய கியரில் நிமிடத்துக்கு எண்பது சுற்று வரும்படி மிதிப்பது முழங்காலைக் காக்கும்.

புறப்படும் பருவம் பற்றிப் பலர் எண்ணுவதேயில்லை. டிசம்பரிலும் ஜனவரியிலும் பஞ்சாப் முதல் ஆக்ரா வரை மூடுபனி. எதிரில் வரும் வண்டி கண்ணுக்குப் புலப்படாது. குளிர்காலத்தில் பனியும் நிலச்சரிவும் காஷ்மீர மலைச்சாலையை அடைத்துவிடுவதுண்டு. ஏப்ரலுக்குப் பின் நாகபுரியின் வெயில் ஆளை வீழ்த்தும். அக்டோபர் நடுவில் ஸ்ரீநகரை விட்டால் நவம்பர் இரண்டாம் வாரத்தில் அத்திபெலே வந்து சேரலாம். அப்போது தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும். ஆயினும் பனிமூட்டத்தைவிட மழை மேல்; நனைந்தவன் உலர்ந்துவிடுவான். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த காலமாதலால், காவல்கிணற்றுப் பக்கத்தில் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தப் பெருங்காற்றின் தொல்லையும் அவ்வளவாக இராது.

வண்டி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டுமென்பதில்லை. நன்கு பொருந்தியதாக இருக்க வேண்டும். குதிகாலைப் பெடலின் மேல் வைத்து அதனைக் கீழிறக்கும்போது கால் நேராக நீண்டால், சீட்டின் உயரம் ஏறத்தாழச் சரி. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே முழுதும் ஓவராயில் செய்து, சக்கரங்களுக்குக் கோட்டம் எடுத்து, புது டயர் மாட்டிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். புறப்படும் நாளில் புதிய சீட்டோ புதிய காலணியோ கூடவே கூடாது. இரண்டு ட்யூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, நான்கு போக்ஸ் கம்பி, ஒரு செயின் இணைப்பு இவை போதும். நம் நாட்டுச் சாலையோரத்துச் சைக்கிள் கடைக்காரர் மற்றவற்றைப் பார்த்துக்கொள்வார். ஆனால் அவரிடம் கிடைக்காத அளவில் டயர் கொண்ட வண்டியாயின், மாற்று டயரும் சுமக்க நேரிடும். இதற்காகவே எளிய, எங்கும் கிடைக்கும் அளவுகளையே நாம் பரிந்துரைப்போம்.

உணவைப் பற்றி ஒரு சொல். தசைகளில் சேமித்திருக்கும் சர்க்கரைச் சத்து இரண்டு மணி நேரக் கடும் உழைப்புக்கே போதும். பசித்த பின் உண்பதென்றால் காலம் கடந்துவிடும். மணிக்கொரு முறை இரண்டு வாழைப்பழமோ, கடலை மிட்டாயும் ஓர் இட்லியுமோ உட்கொண்டு வர வேண்டும். அத்திபெலேப் பக்கத்து ராகிக் களி இரவுணவுக்கு நன்று. வண்டியேறும் முன் அன்று. தண்ணீரிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் மிகுதியாகக் குடித்துக்கொண்டே இருந்தால் குருதியில் உப்பின் செறிவு தாழ்ந்து, குமட்டல், தலைவலி, மனக்குழப்பம் ஆகியன தோன்றும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து கரைத்துக்கொள்வது எளிய காப்பு. உப்பிட்ட நீர்மோரும் உதவும்.

சீட்டுப் புண்ணை அற்பமென எண்ணலாகாது. பயணத்தைக் குலைப்பது பெரும்பாலும் இதுவே. நாள்தோறும் துவைத்து உலர்த்திய கால்சட்டை, தையல் உறுத்தாத துணி, சிவந்தவுடன் ஒரு நாள் ஓய்வு ஆகியவற்றைத் தவிர மருந்து வேறில்லை. விரல்கள் மரத்துப்போனால், ஹாண்டில் பாரைப் பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். இருட்டிய பின் நெடுஞ்சாலையில் ஓட்டுவதில்லை என்று முன்னரே உறுதி செய்துகொள்ளுதல் நலம். விளக்கின்றி இடப்புறம் நிறுத்தியிருக்கும் லாரி, ஓடும் லாரியைவிடக் கொடியது.

இனி, பயணத்துக்குக் காரணமான பொருள் திரட்டலுக்கு வருவோம். கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்னும் இளைஞர் புற்றுநோயால் 1977-இல் வலக்காலை இழந்தார். செயற்கைக் காலோடு ஓராண்டுக்கு மேல் ஓடிப் பயின்று, 1980 ஏப்ரல் 12 அன்று கிழக்குக் கரையிலிருந்து கண்டத்தைக் கடக்கப் புறப்பட்டார். நோய் மீண்டும் பற்றவே, 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் சென்று நிறுத்த நேர்ந்தது. அவர் கேட்டது நாட்டு மக்களிடம் ஆளுக்கு ஒரு டாலர். அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குள் இரண்டு கோடியே நாற்பது லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் அதுவே. நம் பக்கத்திலும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையம் பொதுமக்கள் நன்கொடையால் வளர்ந்ததே. பெருந்தொகையைவிடப் பலர் கைச் சிறுதொகை வலியது.

அச்சிறுதொகை, மாதச் சம்பளத்தில் ஒரு ஃபிட்டரோ தையல் தொழிலாளியோ எடுத்துக் கொடுத்ததாக இருக்கும். ஆதலின் சில முடிவுகளை முதல் ரூபாய் வாங்குமுன்பே அறிவித்துவிட வேண்டும். பணம் பயணியின் கணக்கில் சேரலாகாது. கொடுப்போர் நேரே நிறுவனத்துக்கே செலுத்தி, அதன் ரசீதைப் பெறட்டும். வழிச்செலவு பயணியின் சொந்தப் பொறுப்பு. அதற்கென எவரேனும் உதவினால் அது தனிக் கணக்கு. கிலோமீட்டருக்கு இவ்வளவு என வாக்களித்தோர், பயணம் நாகபுரியோடு நின்றால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே தெளிவாக வேண்டும். வழியிலுள்ள நகரங்களின் தமிழ்ச் சங்கங்களுக்குப் புறப்படுமுன்பே எழுதினால், தங்க இடமும் பேச மேடையும் கிடைக்கக்கூடும்; டெல்லியில் 1946 முதலும் பெங்களூரில் 1950 முதலும் சங்கம் உண்டு.

ஒரு மாத விடுப்பு எல்லோருக்கும் வாய்க்குமா? வாய்க்காதோர்க்கு அத்திபெலேயிலிருந்தே தொடங்கலாம். கிருஷ்ணகிரி, தொப்பூர்க் கணவாய், சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி வழியாகக் குமரிக்கு ஏறத்தாழ 650 கிலோமீட்டர். ஆறு நாள் பயணம். தொப்பூர் இறக்கத்தில் பாரவண்டிகள் பிரேக் இழந்து மோதிய விபத்துகள் பல. அங்கு விரைவை அடக்கி, ஓரத்திலேயே செல்ல வேண்டும். போக்குவரத்து மிகுந்திருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் குறைவில்லை. திரும்பும்போது வண்டியை ரயிலின் சரக்குப் பெட்டியில் பதிவு செய்து அனுப்பிவிடலாம். பெடல்களைக் கழற்றி, ஹாண்டில் பாரைத் திருப்பிக் கட்டி, பெயரும் சேருமிடமும் எழுதிய அட்டையை இரண்டு இடங்களில் தொங்கவிட வேண்டும்.