‘தூக்குல போடுங்க’ சரி... தீர்ப்பு தப்பாகிவிட்டால்? மரண தண்டனையை எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன?

மனசைப் பதற வைக்கும் குற்றம் ஒன்று நடந்துவிட்டால், டீக்கடை முதல் சட்டமன்றம் வரை ஒரே குரல்தான்: "இவனையெல்லாம் தூக்குல போடணும்." அந்தக் கோபம் நியாயமானதே. இருந்தும் மரண தண்டனை கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஓய்வுபெற்ற நீதிபதிகளும் உண்டு. அவர்கள் சொல்லும் காரணங்கள் என்ன?

சட்டம் என்ன சொல்கிறது?

கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனைதான் பொது விதி. ‘அரிதிலும் அரிதான’ வழக்கில் மட்டுமே தூக்கு என 1980-ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. 5 நீதிபதிகளில் பி.என்.பகவதி மட்டும் உடன்படவில்லை. எந்த நீதிபதி முன் வழக்கு வருகிறது என்பதைப் பொறுத்து ஓர் உயிர் போவதும் இருப்பதும் முடிவாகக் கூடாது என்பது அவரது வாதம்.

தீர்ப்பு தப்பானால்?

எதிர்ப்பவர்களின் வலுவான கேள்வி இதுதான். மகாராஷ்டிராவில் 2003-ல் நடந்த ஒரு கொலை வழக்கில், நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த 6 பேருக்கு 2009-ல் உச்ச நீதிமன்றமே தூக்கு விதித்தது. மறுபடி விசாரித்த அதே நீதிமன்றம், 2019 மார்ச்சில் 6 பேரையும் விடுதலை செய்தது. நேரில் பார்த்த சாட்சி, போலீஸ் காட்டிய போட்டோக்களில் முதலில் வேறு 4 பேரைத்தான் அடையாளம் காட்டியிருந்தார். ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கிடைத்தது. சிறையில் கழிந்த சுமார் 16 வருஷம் கிடைக்கவில்லை. இடையில் தூக்கு நிறைவேறியிருந்தால், இழப்பீட்டை வாங்கவும் ஆள் இருந்திருக்காது.

தமிழ்நாட்டுக்குத் தெரிந்த உதாரணம் பேரறிவாளன். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991-ல் கைதானபோது வயது 19. 2011 செப்டம்பர் 9-ம் தேதி தூக்கு எனத் தேதியே குறித்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதற்குப் பிறகு, 2013-ல்தான், அவரது வாக்குமூலத்தைப் பதிவு செய்த முன்னாள் சிபிஐ அதிகாரி தியாகராஜன், பேட்டரி எதற்கு என்று தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதவில்லை என்றார். 2014-ல் தூக்கு ஆயுளாகக் குறைந்தது, 2022-ல் விடுதலை. அவர் நிரபராதி என நீதிமன்றம் சொல்லவில்லைதான். ஆனால் அந்தத் தடை இல்லாமல் போயிருந்தால், அதிகாரி பேசியபோது கேட்க அவர் இருந்திருக்க மாட்டார்.

பயம் குற்றத்தைத் தடுக்குமா?

இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரில், 1940-களின் பிற்பகுதியில் தூக்கு இல்லை. 1945 - 1950 காலத்தில் அங்கே 962 கொலைகள். தூக்கு திரும்ப வந்த அடுத்த 5 ஆண்டுகளில் 967. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலும் 2012-ல், தூக்கு கொலைகளைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்று இதுவரையிலான ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாது என்றது.

கயிறு யாருக்கு?

டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தூக்குக் கைதிகளில் 74.1% பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். காசில்லாதவருக்கு நல்ல வக்கீல் கிடைப்பது கஷ்டம். முதல் நீதிமன்றத்திலேயே வாதம் பலவீனமானால், மேல்முறையீட்டில் அதைச் சரிசெய்வது அதைவிடக் கஷ்டம்.

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு என்ன பதில்?

"உங்க வீட்டுல நடந்தா இப்படிப் பேசுவீங்களா?" - ஆதரவாளர்களின் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. குற்றவாளியை வெளியே விடச் சொல்லவில்லை என்பதே எதிர்ப்பவர்களின் பதில். சாகும்வரை சிறை என்று தண்டிக்க 2015-ல் உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது. நிர்பயா வழக்கில் 2012-ல் நடந்த குற்றத்துக்கு 2020 மார்ச்சில்தான் தூக்கு நிறைவேறியது. மனு மேல் மனு என்று குடும்பம் அத்தனை வருஷம் கோர்ட் வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

இப்போதைய நிலை

பயங்கரவாதம், தேசத்துக்கு எதிரான போர் தவிர மற்ற குற்றங்களுக்குத் தூக்கை நீக்கலாம் என நீதிபதி ஏ.பி.ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015-ல் பரிந்துரைத்தது. நடந்தது நேர்மாறு. 2024 ஜூலையில் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவில், கும்பல் கொலைக்கும் தூக்கு விதிக்கலாம் எனச் சேர்க்கப்பட்டுள்ளது. தூக்கு விதிக்கக்கூடிய குற்றங்களின் பட்டியல் நீள்கிறது. தப்பான தீர்ப்பைத் திருத்த என்ன வழி என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.