ஊமைப் படத்தில் ஒரு காதல் கதை



கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். சில வேளை ஒலிபெருக்கி கெட்டுவிடும். படம் மட்டும் ஓடும். ஆயினும் எவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு போனதில்லை. பேச்சின்றியும் கதை நெஞ்சில் புகும் என்பதை அன்றே நாம் அறிந்தோம்.

இந்தியாவில் 1,300க்கும் மேற்பட்ட ஊமைப் படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் எஞ்சியவை மிகச் சில. அக்காலத்து நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும், வெப்பத்தில் சிதைந்துபோகும். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசகவதம்’ இன்று இல்லை. தென்னாட்டில் தப்பிய அரிய படம் ‘மார்த்தாண்ட வர்மா’.

நாகர்கோவில் சுந்தர் ராஜ் தயாரிக்க, பி. வி. ராவ் இயக்கிய இப்படம் 1933இல் வெளிவந்தது. சி. வி. இராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட மலையாள நாவலே இதன் கதை. திருவிதாங்கூர் இளவரசரைக் கொல்லச் சதி நடக்கிறது. அவருக்குத் துணைநின்ற அனந்தபத்மநாபன் இறந்துவிட்டான் என்று ஊர் நம்புகிறது. அவனையே எண்ணி உருகுகிறாள் பாறுக்குட்டி. அவனோ பித்தன் வேடத்தில் உலவி இளவரசரைக் காக்கிறான். இறுதியில் அவளை அடைகிறான்.

இத்தகைய கதை ஊமைப் படத்துக்கு ஏன் பொருந்துகிறது? பேசும் படத்தில் குரலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஊமைப் படத்திலோ நடையும் பார்வையும்தான் அடையாளம். ஆகவே நாம் கண்ணை எடுக்காமல் பார்க்கிறோம். காதலர் பேச்சை நம் மனமே இட்டு நிரப்புகிறது. இதுவே அதன் கவர்ச்சி.

படம் வெளியான சில நாள்களிலேயே பதிப்புரிமை வழக்கால் நிறுத்தப்பட்டது. சுந்தர் ராஜுக்குப் பெரும் நட்டம். ஆனால், வழக்குத் தொடுத்த பதிப்பகத்திடமே சுருள் தங்கிவிட்டதால் அழியாமல் தப்பியது. 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகம் அதைப் பெற்றுப் பாதுகாத்தது. இறந்தான் என்று எண்ணப்பட்ட காதலன் திரும்பியதுபோலப் படமும் திரும்பியது.

நேயர்களே, வழக்கொன்று தற்செயலாகக் காத்ததை நாம் அறிந்தே காக்கலாமன்றோ? நம் வட்டாரத்தில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் மறைந்தன. தகரப்பெட்டியில் கிடக்கும் திருமணப் படங்களையும் பள்ளி மலர்களையும் பழையன என்று எறிந்துவிடாதீர்கள். பின்புறத்தில் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். நாளை நம் பிள்ளைகள் கேட்கும்போது, பேசாத அப்படங்கள் நமக்காகப் பேசும்.