கிழங்குக்குப் பதில் கத்திரி கொத்சு

வங்கியில் இருந்தவரை மதியம் உருளைக்கிழங்கு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஓய்வுபெற்ற கையோடு சர்க்கரையும் வந்து சேர்ந்தது. ‘இனி கிழங்கு வீட்டுக்குள்ள வராது’ன்னு வீட்டம்மா சொல்லிட்டாங்க. 100 கிராம் உருளையில் மாவுச்சத்து சுமார் 17 கிராம். கத்திரியில் 6 கிராம்தான். திண்டிவனம் பக்கம் நம்ம தோட்டத்திலேயே நாட்டுக் கத்திரி காய்க்குது, அப்புறம் என்ன?

வழி சிதம்பரத்தில் இருக்கு. நடராசர் கோயில் சம்பா சாதத்துக்குத் துணையான கொத்சுதான். அங்கே கத்திரியை வதக்குவார்கள், நான் சுடுவேன். கால் கிலோ பிஞ்சுக் காயில் எண்ணெய் தடவி, கனலில் தோல் கருகச் சுட்டு, உரித்து மத்தால் மசிக்கணும். மல்லி 2 தேக்கரண்டி, கடலைப்பருப்பு 1, மிளகாய் 4 வறுத்துப் பொடித்து, நெல்லிக்காய் அளவு புளி கரைத்துக் கொதிக்கவிட்டுச் சேர்த்தால் சுருண்டு வரும். மேலே நல்லெண்ணெய். வெல்லம் வேண்டாம்.

சுடுமுன் காயைக் கீறிப் பாருங்க, காய்த்துளைப்பான் உள்ளே இருக்கும். இந்தப் புழுவைக் காட்டித்தான் பி.டி. கத்திரியைக் கொண்டுவரப் பார்த்தாங்க. 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. நாங்கள் வாடிய குருத்தைக் கிள்ளி அழிக்கிறோம், இனக்கவர்ச்சிப் பொறியும் உண்டு. அப்படியும் சொத்தை விழும். அது சந்தைக்குப் போகாது. நல்ல பாகம் நம்ம கொத்சுக்கு.

ஒன்று சொல்லணும். முதல் வாரம் ருசியில் இரண்டு தட்டு சோறு கூடுதலாக இறங்கி, சர்க்கரை ஏறிப்போச்சு. இப்போ சோறு ஒரு கரண்டி, கொத்சு மூணு கரண்டி.