ஓடிக் காட்டும் வரைபடங்கள்

1980களின் தொடக்கத்தில் இஸ்ரேலில் லாவி என்ற போர் விமானம் உருவாகிக்கொண்டிருந்தது. அதன் மின்னணுக் கருவிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பொறியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருந்தார்கள். இன்ன நிலையில் இந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று ஆலோசகராகப் போன கணினி அறிஞர் டேவிட் ஹாரெல் கேட்டபோது, அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் எழுந்தது.

அங்கே பிறந்ததுதான் ஸ்டேட்சார்ட் என்ற வரைபட முறை. பெட்டி என்றால் நிலை, அம்பு என்றால் மாற்றம். இதுவரை பழைய சங்கதிதான். பெட்டிக்குள் பெட்டி, ஒரே நேரத்தில் இயங்கும் பெட்டிகள் என்ற இரண்டும் ஹாரெல் சேர்த்தவை. ஆன், ஆஃப் என இரு நிலைகள் கொண்ட 10 கருவிகள் சேர்ந்து இயங்கினால், பழைய முறையில் 1,024 நிலைகளை வரைய வேண்டும். ஸ்டேட்சார்ட்டில் 20 போதும்.

ஆனால் ஒரு சிக்கல். உள்பெட்டியிலிருந்து ஓர் அம்பு, வெளிப்பெட்டியிலிருந்து ஓர் அம்பு. இரண்டும் ஒரே பொத்தானுக்குக் காத்திருக்கின்றன. அழுத்தினால் எது பாயும்? ஹாரெல் குழுவின் ஸ்டேட்மேட் மென்பொருளில் வெளி அம்பு வெல்லும். பின்னால் வந்த யுஎம்எல் என்ற வரைபட மொழியில் உள் அம்பு வெல்லும். படம் ஒன்று, இயந்திரம் இரண்டு! விமானத்திலோ மருத்துவக் கருவியிலோ இந்த வேறுபாட்டை வரைபவரின் ஊகத்துக்கு விட்டுவிடவே கூடாது.

1994இல் வந்த ஓர் ஆய்வு, இப்படி விதி மாறும் ஸ்டேட்சார்ட் வகைகள் சுமார் 20 இருப்பதாகப் பட்டியலிட்டது. ஸ்டேட்மேட்டின் விதிகளை ஹாரெலும் அம்னோன் நாமத்தும் 1996இல் படிப்படியாக எழுதி வெளியிட்டார்கள். ஒரு படியில் நேரும் மாற்றம் அடுத்த படியில்தான் மற்றப் பெட்டிகளுக்குத் தெரியும் என்பது அவற்றில் ஒன்று. சின்ன விதிதான், ஆனால் எது முந்தி, எது பிந்தி என்ற பல குழப்பங்கள் இதனால் அடங்குகின்றன.

விதி உறுதியானால் கணினி அந்தப் படத்தையே ஓட்டிக் காட்டும். ஒரு வரி நிரல் எழுதும் முன்பே பொத்தான்களை அழுத்திப் பார்க்கலாம். அதைவிடப் பெரிய பலன் சோதனை. எந்த வரிசையில் அழுத்தினாலும் இரண்டு ஆபத்தான நிலைகள் ஒருசேர வராதா, எங்காவது இயந்திரம் நகராமல் முடங்கிவிடுமா என்று நிலைகளையெல்லாம் துழாவி, தவறு இருந்தால் அதற்கு இட்டுச்செல்லும் வழியையும் கணினி காட்டிவிடும்.

யுஎம்எல் 1997இல் தரமாக ஏற்கப்பட்டபோது அதன் நடத்தை விதிகள் பெரும்பாலும் உரைநடையாகவே இருந்தன. அதன் ஒரு பகுதிக்கு மட்டும், ஓட்டிப் பார்க்கும் அளவுக்குத் துல்லியமான பொருளைத் தந்த எஃப்யுஎம்எல் தரம் 2011இல்தான் வந்தது. உள் அம்பா வெளி அம்பா என்பது போன்ற நிலைப் படக் கேள்விகளுக்கான தனித் தரம் அதற்கும் பிறகே வெளியானது.