கூலிக்குக் கோழி வளர்ப்போர் கவனத்திற்கு

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ளது வேலப்பன்சாவடி. தனியார் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் வந்தபின் இப்பகுதி நகரமாகவே மாறிவிட்டது. மாணவர் விடுதிகள், உணவகங்கள் பெருகப் பெருக, கோழி இறைச்சியின் தேவையும் பெருகுகிறது. இந்த வளர்ச்சியில் சிறு விவசாயிக்குப் பங்கு உண்டா? உண்டு. ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பது அதற்கு ஒரு வழி.

1984-ஆம் ஆண்டு உடுமலைப்பேட்டையில் தொடங்கப்பட்ட சுகுணா நிறுவனம், 1990-களில் இம்முறையைப் பரப்பியது. பிற நிறுவனங்களும் பின்பற்றின. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் மானாவாரி நிலம் வைத்திருந்த பலருக்கு இது கைகொடுத்தது.

யார் எதைத் தருவது?

ஒரு நாள் வயதுக் குஞ்சு, தீவனம், மருந்து, மருத்துவர் ஆலோசனை ஆகியவை நிறுவனத்தின் பொறுப்பு. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், தரையில் பரப்பும் தென்னை நார்க் கழிவு, ஆள் உழைப்பு ஆகியவை விவசாயியின் பொறுப்பு. சுமார் 40 நாட்களில் கோழி 2 கிலோ எடைக்கு வந்ததும் நிறுவனமே பிடித்துச் செல்லும். கிலோவுக்கு இவ்வளவு என வளர்ப்புக் கூலி கிடைக்கும். சந்தை விலை சரிந்தாலும் அந்த நட்டம் நிறுவனத்தைச் சேரும்.

தீவனக் கணக்கு முக்கியம். ஒரு கிலோ எடைக்கு 1.6 கிலோ தீவனம் என்றால், 2 கிலோ கோழிக்கு 3.2 கிலோ செலவாகும். தீவனம் இதைவிட மிகுந்தாலோ, கோழி இறப்பு கூடினாலோ கூலி குறையும். காற்றோட்டமும் உலர்ந்த கூளமும் இருந்தால் இரண்டும் கட்டுக்குள் இருக்கும்.

கையெழுத்துக்கு முன்

கொட்டகைக் கடன் விவசாயியின் தலையில்தான். குஞ்சு வராமல் கொட்டகை காலியாகக் கிடந்தாலும் வங்கித் தவணை நிற்காது. எனவே ஆண்டுக்கு எத்தனை முறை குஞ்சு தரப்படும், குறைந்தபட்சக் கூலி எவ்வளவு, எத்தனை நாளில் பணம் வரும், நோயால் கோழிகள் மொத்தமாக இறந்தால் நட்டம் யாருக்கு என்பவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். எடை போடும்போது உடனிருப்பது அவசியம்.

வேளாண் விளைபொருள், கால்நடை ஒப்பந்தங்களுக்கென 2019-இல் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது.  விலையை முன்னரே குறித்து, ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய அது வகை செய்கிறது. வேளாண் விற்பனைத் துறை அலுவலகத்தில் விவரம் கேட்டறியலாம்.

கோழி எரு விவசாயிக்கே என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்வது நலம். மக்கிய பின் வயலுக்கு அது நல்ல உரம்.