சட்டகத்துக்கு வெளியே நிற்பவர்கள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் குடும்பங்களிடம் பழைய புகைப்படங்களைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் 'இருந்தன, இப்போது இல்லை' என்ற பதிலே கிடைக்கும். 1978 நவம்பரில் வீசிய சூறாவளி கூரைகளோடு கொண்டு சென்றவை சில. 1990இல் தமிழரும் முஸ்லிம்களும் உயிரைக் காக்க ஊர்விட்டுப் பெயர்ந்தபோது கைவிடப்பட்டவை பல. கரையோர வீடுகளில் எஞ்சியிருந்தவற்றை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டது. உயிரிழப்புகளுக்கு முன்னால் இது சிறிய இழப்பாகவே தோன்றும். ஆயினும் ஒரு புகைப்படத்தின் வலிமை எத்தகையது என்பதை அறிந்தால், இந்த இழப்பின் கனமும் விளங்கும். அதற்கு அமெரிக்கப் புகைப்படக்காரர் ஒருவரின் வாழ்க்கை நமக்கு நல்ல பாடமாக அமைகின்றது.

வில்லியம் ஹென்றி ஜக்சன் 1843இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் வடபுலப் படையில் பணியாற்றிய பின்னர், 1866இல் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு ஒமாஹா நகரில் தம் சகோதரருடன் புகைப்பட நிலையம் ஒன்றை ஆரம்பித்தார். புதிதாக இடப்பட்ட இரயில் பாதையை ஒட்டி 1869இல் அவர் எடுத்த படங்கள், அரசாங்க நில அளவைக் குழுவொன்றின் தலைவரான ஹேடனின் கவனத்தை ஈர்த்தன. 1870 முதல் 1878 வரை ஜக்சன் அக்குழுவின் புகைப்படக்காரராக மலைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் அலைந்தார்.

அக்காலத்தில் படம் எடுப்பது இன்றுபோல் விரல் நுனி வேலையன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பசையைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படம் எடுத்து, அதே இடத்தில் கூடாரத்தின் இருளில் கழுவிவிட வேண்டும். கமராவையும் இரசாயனப் புட்டிகளையும் கண்ணாடிகளையும் கோவேறு கழுதைகளே சுமந்தன. 1875இல் அவர் பயன்படுத்திய தகடுகள் 20 அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் கொண்டவை. கழுதை ஒன்று இடறி விழுந்தால் பல நாள் உழைப்பு நொறுங்கிவிடும்.

1871இல் இக்குழு யெலோஸ்டோன் பிரதேசத்தை அடைந்தது. கன்னியா வெந்நீரூற்றுகளை அறிந்த நமக்கு, நிலத்தைப் பிளந்துகொண்டு வானளாவப் பீச்சும் வெந்நீர் எத்தகைய வியப்பைத் தந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதுவரை அங்கு சென்றுவந்தோரின் பேச்சைக் கட்டுக்கதை என்று ஒதுக்கியவர்கள், ஜக்சனின் படங்களைக் கண்டு வாயடைத்தனர். படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களிடம் காட்டப்பட்டன. 1872 மார்ச் 1ஆம் திகதி ஜனாதிபதி கிராண்ட் கையொப்பமிட்ட சட்டத்தின் மூலம் யெலோஸ்டோன் தேசியப் பூங்காவாகியது.

இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. ஜக்சன் பூர்வீகக் குடியினரைப் படம்பிடிக்காதவர் அல்லர். அத்தகைய படங்களுக்கு 1877இல் விரிவான பட்டியல் நூலொன்றே அவர் பெயரில் வெளியானது. ஆனால் பூங்காச் சட்டத்திற்குத் துணைநின்ற படங்கள் காட்டியவை நீர்வீழ்ச்சிகளையும் ஊற்றுகளையும் மட்டுமே. அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்த ஷோஷோனி முதலிய மக்கள் அச்சட்டகத்தில் இல்லை. படத்தில் இல்லாதவர்கள் நிலத்திலும் இல்லாதவர்களாகக் கருதப்பட்டனர். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவர்கள் பூங்காவை விட்டு வெளியேற்றப்பட்டனர். படம் பொய் சொல்லவில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை.

இந்தப் புகைப்படக்காரர் நம் நாட்டுக்கும் வந்தவர். 1894 முதல் 1896 வரை உலகப் போக்குவரத்து ஆணைக்குழு மேற்கொண்ட நெடும் பயணத்தில், இலங்கையும் இந்தியாவும் அவரது கமராவில் பதிந்தன. அவருக்கு முன்பே இங்கு அதே பணி நடந்திருந்தது. அவர் யெலோஸ்டோனில் நின்ற அதே காலத்தில், 1870-71இல், ஜோசப் லோட்டன் என்ற ஆங்கிலேயர் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளைக் குடியேற்ற அரசின் தொல்லியல் குழுவுக்காக அதே ஈரத் தகட்டு முறையில் படம் எடுத்தார். அரிய சேவைதான். ஆனால் அக்கமரா தேடியது கற்களையே. அக்கற்களுக்கு அருகே யார் வாழ்ந்தனர் என்பது அதன் கேள்வியாக இருக்கவில்லை.

நிலத்தை ஆவணப்படுத்துபவர் யார் என்பது பழங்கதையன்று. 2020 ஜூன் மாதம் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டபோது, அதில் தமிழர் ஒருவரோ முஸ்லிம் ஒருவரோ இடம்பெறவில்லை. இரு சமூகங்களும் ஒரே குரலில் கவலை தெரிவித்தமைக்குக் காரணம் தொல்லியலின் மீதான வெறுப்பன்று. சட்டகத்துக்கு வெளியே நிறுத்தப்படுவோம் என்ற அச்சமே.

மனிதரையும் சேர்த்துப் பார்த்த கமராவும் இப்பிரதேசத்துக்கு வந்ததுண்டு. 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, பின்னர் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். கோயில் சடங்கையும் பள்ளிவாசல் வழமையையும், தாய்வழிக் குடிமுறையையும் அவர் குறிப்பேட்டிலும் படத்திலும் பதிந்தார். 2008இல் வெளியான அவரது ஆங்கில நூல், கிழக்கின் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒரே ஆய்வுக்குள் அருகருகே வைத்துப் பேசுகின்றது. தாய்வழிக் குடி இரு சமூகங்களுக்கும் பொதுவானது என்பதை இன்றைய இளையோர் பலர் அந்நியர் எழுதிய நூலிலிருந்தே அறிய நேர்ந்திருப்பது நாம் சிந்திக்க வேண்டியதாகும்.

எனவே எஞ்சியிருப்பவற்றைக் காப்பது நம் பொறுப்பு. திருமணப் படத்தின் பின்னணியில் தெரியும் வீடு, பாடசாலைக் குழுப் படத்தில் தெரியும் கட்டடம், வயல் வெட்டின்போது எடுத்த படத்தில் தெரியும் குளக்கட்டு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு மண்ணில் யார் வாழ்ந்தனர் என்பதற்குச் சான்று கூறவல்லது. ஆனால் பெயரும் ஊரும் ஆண்டும் குறிக்கப்படாத படம் வாய்பேசாச் சாட்சியாகும். படத்தில் உள்ளவர்களை அடையாளம் காட்டக்கூடிய மூத்தோர் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். பாடசாலைகளும் கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பொது நூலகங்களும் இணைந்தால், படங்களைப் பிரதி எடுத்து, மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். பெருஞ்செலவு இதற்குத் தேவையில்லை.

இப்பணியை எழுவான்கரை தனியாகவும் படுவான்கரை தனியாகவும், தமிழர் தனியாகவும் முஸ்லிம்கள் தனியாகவும் செய்வதில் பயனில்லை. காத்தான்குடி வீட்டுப் படமொன்றில் ஆரையம்பதி அயலவர் நிற்கலாம். ஏறாவூர்க் கடையொன்றின் படத்தில் செங்கலடி விவசாயி நிற்கலாம். அவர்களை வெட்டி நீக்கினால், ஜக்சனின் படங்கள் அறியாமல் செய்ததை நாம் அறிந்தே செய்தவர்களாவோம்.