சராசரியில் மறையும் எண்பது நிமிடம்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் மேல்பக்கம் திறக்கும் வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்கும். ஐ.எல்.ஆர். என்பார்கள். உட்சுவரைச் சுற்றிப் பனிக்கட்டி அடுக்கு இருப்பதால், கரன்ட் போனாலும் பல மணி நேரம் குளிர் தாங்கும். தடுப்பூசி மருந்துகளுக்கு அதுதான் வீடு. உள்ளே வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவும் கூடாது, 8 டிகிரிக்கு மேலே ஏறவும் கூடாது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்து வைப்பது ஊழியர்களின் அன்றாட வேலை.

மருந்து சூடாகிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் கெட்டுவிடும் என்பது அந்த அளவுக்கு யாருக்கும் உறைப்பதில்லை. முத்தடுப்பு ஊசி, பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ்-பி ஆகியவற்றில் வீரியத்தைக் கூட்ட அலுமினிய உப்பு சேர்க்கப்படுகிறது. உறைந்தால் அந்தத் துகள்கள் கட்டி தட்டிப்போகும். மறுபடி உருக்கினாலும் மருந்து பழைய நிலைக்கு வராது. குப்பியில் ஒட்டியிருக்கும் வி.வி.எம். லேபிளோ வெப்பம் பட்டதை மட்டும்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது.

இதனால்தான் பெட்டிக்குள் சென்சார் தேவைப்படுகிறது. இந்தியாவில் 2015 முதல் நடந்துவரும் ‘இ-வின்’ திட்டத்தில், சிம் கார்டு பொருத்திய கருவிகள் வெப்பநிலையைத் தாமாகவே சர்வருக்கு அனுப்புகின்றன. ஆனால் பதிவு செய்துவிட்டால் மட்டும் போதுமா? அதை எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் ஒரு நாளைக்கு 144 பதிவுகள். விடியற்காலையில் 80 நிமிடம் மட்டும் வெப்பநிலை மைனஸ் 1 டிகிரிக்கு இறங்கி, மற்ற நேரமெல்லாம் 4 டிகிரியில் நின்றது என்று வைத்துக்கொள்வோம். அன்றைய சராசரி 3.7 டிகிரி. காலையிலும் மாலையிலும் நோட்டில் ஏறியது 4 டிகிரி. இரண்டும் ‘எல்லாம் சரி’ என்றே சொல்லும். மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஒரு மணி நேரம் இருந்தாலே எச்சரிக்கை ஒலிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அப்படியானால் அந்த 80 நிமிடம் எங்கே போயிற்று?

சராசரிக்குள் புதைந்துபோயிற்று. கண்காணிப்பு மென்பொருள்கள் பலவற்றில் இது நடக்கிறது. ஓராண்டுப் பதிவு என்றால் 52,560 எண்கள். திரையின் அகலமோ ஓரிரு ஆயிரம் புள்ளிகள்தான். ஆகவே பல எண்களைச் சேர்த்து ஒரு புள்ளியாக்குகிறார்கள். டோபியாஸ் ஓட்டிக்கர் 1999-இல் வெளியிட்ட, இன்றும் புழக்கத்தில் இருக்கும் ஆர்.ஆர்.டி.டூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கோப்பு பெருத்துவிடாமல் இருக்க, பழைய பதிவுகளைச் சேமிக்கும்போதே அது சுருக்கிவிடுகிறது.

தொட்டு இழுத்துப் பார்க்கும் வரைபடத்தின் அருமை இங்கேதான் தெரிகிறது. மாதம் முழுவதையும் காட்டும் கோட்டில் சந்தேகமான ஒரு நாளை மவுஸால் வளைத்துத் தேர்ந்தெடுத்தால், நல்ல மென்பொருள் அந்த நாளின் மூலப் பதிவுகளை சர்வரிலிருந்து புதிதாக எடுத்து வரைகிறது. திரையில் இருந்த படத்தையே இழுத்துப் பெரிதாக்கும் மென்பொருளால் பயன் இல்லை. அதில் சராசரிதான் பெரிதாகத் தெரியும். பள்ளமும் மேடும் காணாமல் போகாதபடி புள்ளிகளைத் தேர்ந்தெடுக்க, ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் ஸ்வைன் ஸ்டைனார்சன் 2013-இல் ஒரு முறையை வகுத்தார். இன்று பல வரைபட நிரல்களில் அது இடம்பெற்றிருக்கிறது.

நெருங்கிப் பார்க்கப் பழகிய கண்ணுக்குக் கோட்டின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். ரம்பப் பல் போலச் சீராக ஏறி இறங்கினால் கம்ப்ரசர் ஒழுங்காக ஓடுகிறது. சட்டென்று எகிறி மெல்லத் தணிந்தால் யாரோ மூடியைத் திறந்திருக்கிறார்கள். மணிக்கணக்கில் நிதானமாக ஏறிக்கொண்டே போனால் கரன்ட் இல்லை. மின்சார வரவைக் காட்டும் கோட்டையும் அதே நேர அச்சில் சேர்த்துப் போட்டால் இது உறுதியாகிவிடும். அசைவே இல்லாத நேர்கோட்டைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. என்னைக் கேட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். கம்ப்ரசர் ஓடும் பெட்டியில் வெப்பநிலை அப்படி அசையாமல் நிற்காது. பெரும்பாலும் சென்சார்தான் நின்றுபோயிருக்கும்.

தடுப்பூசியோ ரத்த வங்கியோ பால் குளிரூட்டும் நிலையமோ, சென்சாரை நம்பி வேலை செய்பவர்கள் மென்பொருளை நிறுவியவரிடம் ஒன்றைக் கேட்டு வையுங்கள்: பழைய பதிவுகளைச் சுருக்கும்போது சராசரியோடு குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளும் சேமிக்கப்படுகின்றனவா? ஆர்.ஆர்.டி.டூலிலேயே அதற்கு வசதி இருக்கிறது. அமைக்கும்போதே சொல்லிவிட வேண்டும்; சுருக்கிய பிறகு அந்த எண்களை மீட்க வழி இல்லை.